விசில் ஊதியவர்களைத் தேடி

2025 ஜூன் மாதம் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்று ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் ஓக்லஹோமா சிட்டி தண்டர், மறுபக்கம் இண்டியானா பேசர்ஸ். தண்டர் அணியில் எதிராளியின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று மறிக்கும் லூகென்ட்ஸ் டோர்ட். பேசர்ஸ் அணியில் பெனடிக்ட் மாத்துரான். மூன்றாவது ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மாத்துரான் 27 புள்ளிகள் எடுத்து அன்றைய வெற்றியைப் பறித்தார். கடைசியில் ஜூன் 22 அன்று 103–91 என்று கோப்பை தண்டர் கைக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே பேட்டைக்காரர்கள். கனடாவின் மொன்ட்ரியால் நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஆற்றங்கரையில் கிடக்கும் மொன்ட்ரியால்-நோர்.

மொன்ட்ரியாலை அடுத்த லவாலில் மகள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியகுளத்து வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஊரில் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பி.டி. சார் என்றால்தான் வழிகாட்டுவார்கள். கோடை வந்தால் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ராணுவம், ரயில்வே, வங்கி என்று அணிகள் வந்து இறங்கும். விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்க, சுண்டல் பொட்டலத்தோடு ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்த மண்ணில் வளர்ந்தவர், ஒரே பேட்டையிலிருந்து இரண்டு பையன்கள் ஒரே இறுதி ஆட்டத்தில் என்றால் சும்மா இருப்பாரா?

"ஏத்தா, இந்தப் பயலுகளுக்கு விசில் ஊதுனது யாரு?" என்று மகளைக் கேட்டார்.

மகள் கைபேசியில் தேடி, 2022-ல் டோர்ட் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் சுமார் 8.75 கோடி டாலர் என்றாள்.

"அத யாரு கேட்டா?"

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவும் மகளும் 439-ஆம் எண் பேருந்தில் ஏறினார்கள். பி-நெஃப் சாலையில், பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடத்தில் ஓடும் வண்டி இது. அந்தத் தடம் 2022 நவம்பரில்தான் திறந்தது. லவாலிலிருந்து பாலமேறி ரிவியேர் தே ப்ரெரி ஆற்றைத் தாண்டினால் மொன்ட்ரியால்-நோர் வந்துவிடும். கோடையில் இங்கே இரவு எட்டரைக்கும் வெயில் அடிக்கும். விளையாட்டு வாத்தியாருக்கு இதைவிட நல்ல நாடு கிடையாது, குளிர்காலத்தை மறந்துவிட்டால்.

சுற்றுலாக் கையேடுகள் இந்தப் பக்கம் வருவதில்லை. வருவதற்குப் பெரிய காரணமும் இல்லை. மூன்று மாடிச் செங்கல் குடியிருப்புகள், சலவைக் கடை, ஹைத்தி உணவகம், அரபு மளிகை, இத்தாலியப் பெயர் தாங்கிய பழைய ரொட்டிக்கடை. 1915-ல் தனி நகராட்சியாகப் பிரிந்து, 2002-ல் மொன்ட்ரியாலோடு இணைக்கப்பட்ட ஊர். இடையில் 1963 முதல் 2001 வரை ஒரே மேயர், ஈவ் ரயன். க்யூபெக் மாகாண அரசியலில் பெரும்புள்ளியாக இருந்த க்ளோட் ரயனின் உடன்பிறப்பு. ஷார்லெருவா தெருவில் ஒரு நூலகம் இப்போது ஈவ் ரயன் பெயரைச் சுமக்கிறது. சுமார் 11 சதுர கிலோமீட்டருக்குள் 84,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். வீட்டுக்குள் இடம் குறைவு. பையன்கள் தெருவுக்கும் பூங்காவுக்கும் வராமல் வேறு எங்கே போவார்கள்?

ஆட்டக்காரர்களைப் பற்றி மகள் வழியில் படித்துச் சொன்னதில் வாத்தியாரை உலுக்கியது டோர்ட்டும் அல்ல, மாத்துரானும் அல்ல. அதே பேட்டையிலிருந்து மூன்றாவதாக ஒருவர், கிறிஸ் பூஷே.

பூஷே 1993-ல் செயின்ட் லூசியா தீவில் பிறந்தவர். ஐந்து வயதில் மொன்ட்ரியால் வந்தார். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ, நிலையான வீடு என்று ஒன்று இல்லாமல் வளர்ந்தார். 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். சுட்ட கோழிக்குப் பேர்போன சான்-துபேர் உணவகத்தில் தட்டு கழுவினார், பிறகு சமையல் வேலை பார்த்தார். முறையான அணி எதிலும் இல்லை. நம் ஊர்க் கணக்கில் இந்தப் பையனின் கதை இங்கேயே முடிந்துவிடும். பதினெட்டு வயதுக்குள் மாவட்ட அணிக்கு வராதவனை எந்தத் தேர்வாளர் திரும்பிப் பார்ப்பார்?

2012-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு உள்ளூர்ப் போட்டிக்குப் போனார் பூஷே. வயது 19. ஈகோர் ருவிகேமா, இப்ராஹிம் அப்பியா என்ற இரண்டு பயிற்சியாளர்கள் அங்கே இருந்தார்கள். வடக்கே வெகு தொலைவில், சான்-ழான் ஏரிப் பக்கம் உள்ள அல்மா என்ற சிறிய ஊரில் ஒரு கூடைப்பந்துப் பயிலகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள். குச்சி மாதிரி ஒல்லியாக, கை மட்டும் நீளமாக இருந்த இந்தப் பையன் ஆடியதைப் பார்த்து அல்மாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பந்தோடு படிப்பும் மறுபடி தொடங்கியது. பிறகு நியூ மெக்சிகோவில் ஒரு இளநிலைக் கல்லூரி, வயோமிங்கில் இன்னொன்று, அதன் பின் ஆரகன் பல்கலைக்கழகம். 2015–16 பருவத்தில் எதிரணி எறிந்த பந்துகளில் 110-ஐத் தடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையை முறியடித்தார். 2017 மார்ச்சில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவ்வருடம் எந்த என்.பி.ஏ. அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து டொராண்டோ ராப்டர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார்.

"மூணு வருசம் தட்டு கழுவிருக்கான். அந்த மூணு வருசமும் அவன் கை இதே நீளந்தானத்தா இருந்திருக்கும்?" என்றார் வாத்தியார்.

மகளிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அந்த உள்ளூர்ப் போட்டி நடந்த அன்று அந்த இரண்டு பயிற்சியாளர்களுக்கு வேறு வேலை இருந்திருந்தால்? அதே சமையலறைகளில் இன்று எத்தனை நீளக் கைகள் தட்டு கழுவிக்கொண்டிருக்கின்றன? ருவிகேமா, அப்பியா பெயர்களை ரசிகர்களில் நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம்.

மாத்துரானின் கதையில் பயிற்சியாளருக்கு முன்னால் வீடு நிற்கிறது. ஹைத்தி வம்சாவளி. அம்மா ஒற்றை ஆளாக மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 2014-ல் அண்ணன் தொமினிக் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தான். வயது 15. தம்பிக்கு அப்போது 12. அக்கா ஜெனிஃபர் அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். தன் ஆட்டக் காலம் முடிந்ததும் தம்பி அரிசோனாவுக்குப் படிக்கப் போனபோது கூடவே போனார், இண்டியானாவுக்கு ஆடப் போனபோது அங்கேயும் போனார். 2022-ல் என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் ஆறாவது ஆளாக மாத்துரான் தேர்வானபோது அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் விளையாட்டு அனுபவம் முழுவதும் இருந்தது.

இந்த இடத்தில் வாத்தியாருக்கு அனிதா பால்துரை நினைவு வந்தது. சென்னைப் பெண், 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி, 2021-ல் பத்மஸ்ரீ. அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் பள்ளியில் பெண்கள் அணி தொடங்கலாம் என்று இவர் கேட்டதும், தலைமையாசிரியர் அந்த பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்ததும் தனிக் கதை. உலகில் எங்கே போனாலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார்தான் கடன் வாங்குவார் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

டோர்ட்டுக்கு வருவோம். 1999-ல் பிறந்தவர். வீட்டில் ஹைத்தியக் க்ரியோல், தெருவில் பிரெஞ்சு. பதின்ம வயதில் ஃப்ளோரிடாவுக்கு ஆடப் போனபோது ஆங்கிலம் அவ்வளவாக வராது. சிறுவயதிலிருந்து கூடவே இருந்தவர் நெல்சன் ஒஸே என்ற உள்ளூர்ப் பயிற்சியாளர். மொன்ட்ரியால் பையன்களை அமெரிக்கப் போட்டிகளுக்கு அழைத்துப் போய்க் காட்டியவர் ஜோயி மெக்கிட்ரிக், ப்ரூக்வுட் எலைட் அணியை நடத்தியவர். 2019-ல் டோர்ட்டையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தற்காலிக ஒப்பந்தத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே போனவர், 2020 செப்டம்பரில் ஹூஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தபோது வயது 21. ஆட்டம் தோல்விதான். ஆனால் அன்றைக்கு அவர் மறித்து நின்றது ஹூஸ்டனின் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனை.

பேருந்தை விட்டு இறங்கி நடந்தபோது ஆன்ரி-புராசா பூங்கா எதிர்ப்பட்டது. மகள் குரலைத் தாழ்த்தினாள்.

2008 ஆகஸ்ட் 9 அன்று இந்தப் பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில் சில இளைஞர்கள் பகடை ஆடிக்கொண்டிருந்தார்கள். காவலர் இருவர் வந்தனர். தள்ளுமுள்ளு ஆயிற்று. ஒரு காவலர் சுட்டதில் 18 வயது ஃப்ரெடி வில்லனுவேவா இறந்தார், வேறு இருவர் காயமடைந்தனர். ஹோண்டுராஸிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. மறுநாள் இரவு கார்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. அன்று பூஷேவுக்கு 15 வயது, டோர்ட்டுக்கு 9, மாத்துரானுக்கு 6. அடுத்து வந்த ஆண்டுகளில் செய்தித்தாளில் இந்தப் பேட்டையின் பெயர் வந்தால், பக்கத்திலேயே கலவரம் என்ற சொல்லும் வந்தது. அந்தப் பெயரோடுதான் இந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அந்த 2008-ல்தான் வில் ப்ராஸ்பர் என்பவர் களத்துக்கு வந்தார். ஹைத்தியப் பெற்றோரின் மகன், இங்கேயே வளர்ந்தவர். முன்பு கனடாவின் மத்தியக் காவல் படையில் சீருடை போட்டவர். பிறகு ஆவணப்பட இயக்குநர் ஆனார். காவலர் பக்கமும் தெரியும், தெருவின் பக்கமும் தெரியும். மொன்ட்ரியால்-நோர் ரிப்பப்ளிக் என்ற குடிமக்கள் அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். அதிலிருந்து ஹூட்ஸ்டாக் பிறந்தது. கூட்டம், கச்சேரி, விவாதம் என்று ஆரம்பித்த அது, 2020-ல் கொரோனா நாட்டிலேயே மிக மோசமாகத் தாக்கிய பகுதிகளில் ஒன்றாக இந்தப் பேட்டை ஆனபோது முகக்கவசம் சுமந்தது, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கக் கணினி தேடிக் கொடுத்தது. 2021-ல் ப்ராஸ்பர் இங்கே மேயர் தேர்தலில் நின்று தோற்றார். அவரைக் கொண்டாடுபவர் உண்டு, கரித்துக் கொட்டுபவரும் உண்டு. எல்லோருக்கும் பிடித்த ஆளாக இருந்திருந்தால் 2008-ல் அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

கொரோனா ஏன் இங்கே இப்படி வெட்டியது? முதியோர் இல்லங்களில் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றும் வேலையாட்களில் பலர் இந்தத் தெருக்களிலிருந்து அதிகாலைப் பேருந்து பிடித்துப் போனவர்கள். இல்லத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து நெருக்கடியான குடியிருப்புக்கு என்று நோய் பயணம் செய்தது. அப்போது க்யூபெக் முதல்வராக இருந்த ஃப்ரான்சுவா லெகோ அவர்களைக் காவல் தேவதைகள் என்று அழைத்தார். தேவதைகளில் பலருக்குக் குடியுரிமை ஆவணம்கூட இல்லை, அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள். அவர்களில் தகுதியுள்ளோர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க 2020 டிசம்பரில்தான் வழி திறந்தது.

பிறருக்காக உழைத்தவர்களின் இந்த வரிசைக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. 1960-களில் துவாலியேவின் கொடுங்கோன்மைக்குத் தப்பி ஹைத்தியிலிருந்து க்யூபெக் வந்த முதல் அலையில் ஆசிரியர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள் கணிசம். 1964-ல் கல்வி அமைச்சகம் அமைத்து, திருச்சபையிடமிருந்து பள்ளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. புதிய பள்ளிகளுக்குப் பிரெஞ்சு தெரிந்த வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் போய்க் கணக்கும் பௌதிகமும் கற்பித்ததை அறிந்த தமிழருக்கு இது புதிய கதை அல்ல. இன்று க்யூபெக்கில் நரைத்த தலையோடு திரியும் பலருக்கு முதல் அறிவியல் பாடம் ஒரு ஹைத்திய ஆசிரியரிடம்தான் நடந்திருக்கும்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு சிமென்ட் தளத்தின் ஓரத்தில் அப்பாவும் மகளும் நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அதில் பாதிப் பேர் பெண்கள். பயிற்சி கொடுத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பகலில் மருத்துவமனையில் வேலை, மாலையில் இது. மகள் பிரெஞ்சில் அறிமுகம் செய்ததும் அவர் வாத்தியாரின் கையைப் பிடித்து நெடுநேரம் விடவில்லை. டோர்ட் இங்கே வருவாரா என்று மகள் கேட்டாள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, குளிர்காலத்தில் உள்ளரங்கு கிடைக்காத கஷ்டத்தைப் பத்து நிமிடம் சொன்னார். பள்ளிக்கூட அரங்கின் சாவி யாரிடம், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், வாடகை எவ்வளவு. வாத்தியாருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் கேட்டார்: உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் பெரிய ஆட்டக்காரர் ஆனார்கள்?

வாத்தியார் விரல் மடக்கினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனவர்கள் இருவர். போலீஸில் ஒருவர். கம்பத்தில் பி.டி. வாத்தியாராக ஒருவர். "இந்தியாவுக்கு யாரும் ஆடலம்மா, அதையும் சொல்லிரு."

மகள் சொன்னாள். ரயில்வேயையும் போலீஸையும் தாண்டி அந்த மனிதர் நேராகக் கம்பத்துக்குப் போனார். அந்த ஆசிரியரின் பள்ளியில் உள்ளரங்கு உண்டா? தரை சிமென்ட்டா, மண்ணா? பெண்கள் அணி இருக்கிறதா?

மண்தரைதான் என்றார் வாத்தியார். பெண்கள் அணி போன வருடம் மாவட்டத்தில் இரண்டாமிடம்.