ஐம்பது ஓம் என்று சொன்னேன்

பத்தாயிரம் ஓம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐம்பது ஓம் என்று சொன்னேன். கணக்குப் போடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டிப்ளமோ மாணவர்களுக்குப் பல வருடம் இதே எலக்ட்ரானிக்ஸ் பாடத்தை நடத்தியவன் நான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்க எனக்கு வழியில்லை.

கேட்டவன் எங்கள் மானாம்பதியில் மைக் செட் வைத்திருந்த பையன். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு அவன்தான் செட் கட்டுவான். கூத்துக்களத்தில் தொங்கும் மைக்குகளுக்கு ஒரு பிரீ ஆம்ப் வேண்டும் என்றான். நான் வரைந்து கொடுத்தேன். அவன் சால்டர் வைத்தான்.

ஒரே ஒரு டிரான்சிஸ்டர், பிசி 547. சப்ளை 12 வோல்ட். கலெக்டரில் 10 கிலோ ஓம். ஓடும் கரன்ட் அரை மில்லி ஆம்பியர். எமிட்டருக்குள்ளே ஒளிந்திருக்கும் சின்ன மின்தடையைக் கண்டுபிடிக்க 26 மில்லிவோல்ட்டை அந்தக் கரன்டால் வகுக்க வேண்டும். 52 ஓம் வரும். பத்தாயிரத்தை 52-ஆல் வகுத்தால் கெயின் ஏறக்குறைய 190. இதை மட்டும் ஆசையாகப் போட்டேன். மைக்கின் சன்னமான சிக்னல் 190 மடங்கு பெருகும் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். கெயின்தான் எல்லாருக்கும் பிடித்த எண். வெளியீட்டு மின்னெதிர்ப்பை, அதாவது அவுட்புட் இம்பீடன்ஸை, யாரும் சீண்டுவதில்லை. நானும் சீண்டவில்லை.

அவன் சீண்டினான். டீக்கடையில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கேட்டான். "சார், அவுட்புட்டு எவ்ளோ ஓம் சார் வரும்? ஆம்ப்பும் ஜெனரேட்டரும் கோயிலாண்ட. ஒயரு நீளமா இழுக்கணும்."

மிகச் சரியான கேள்வி. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நாலு பேர் முன்னால் வாத்தியார் யோசிப்பதா? "அம்பது ஓம்பா. எவ்ளோ தூரம் வேணா இழு" என்றேன்.

அந்த 52 எமிட்டரின் எண். சிக்னலை நாங்கள் எடுத்ததோ கலெக்டரிலிருந்து. கலெக்டர் வழியாக உள்ளே பார்த்தால் டிரான்சிஸ்டர் சில லட்சம் ஓம் போலத் தெரியும். அதோடு பக்க இணைப்பில் அந்த 10 கிலோ ஓம். இரண்டையும் சேர்த்தால் ஒன்பதரை கிலோ ஓம் சொச்சம். அவ்வளவுதான் கணக்கு. தாளின் ஓரத்தில் முடிந்துவிடும்.

அவன் நூறு மீட்டர் ஷீல்டு ஒயர் இழுத்தான். அந்த மாதிரி ஒயரில் மீட்டருக்கு நூறு பிக்கோ ஃபாரட் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 10 நானோ ஃபாரட். பத்தாயிரம் ஓமுக்குப் பின்னால் அது நின்றால் 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரியத் தொடங்கும். 4,000 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். பேச்சில் ச, ஸ, ட, த எல்லாம் பிரிந்து கேட்பது மேல் ஒலிகளால்தான். கீழ் ஒலிகளைக் குழாய் ஸ்பீக்கர் ஏற்கனவே விழுங்கிவிடும். மேலே இருந்ததை என் ஐம்பது ஓம் விழுங்கியது.

என் வீட்டில் சோதித்தபோது நன்றாகத்தான் கேட்டது. ஒன்றரை மீட்டர் ஒயர் வைத்துச் சோதித்தேன்.

செட் கட்டிய இரவு கர்ண மோட்சக் கூத்து. கட்டியங்காரன் பேசினான், முன்வரிசை சிரித்தது, பின்னால் இருந்தவர்கள் என்ன என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பொன்னுருவியும் கர்ணனும் வாதாடும் கட்டத்தில் சொல் ஒன்றும் புரியவில்லை, மூக்கடைத்த குரல்தான் வந்தது. பையன் ஆம்ப்பில் ட்ரெபிளை முழுக்கத் திருகினான். இரைச்சல் ஏறியது. கிழவிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். கர்ணன் வேஷம் கட்டிய கூத்து வாத்தியார் நடுநிசிக்கு மேல் மைக்கை நம்புவதை விட்டுவிட்டார். வெறும் தொண்டையில் விடியும்வரை பாடினார். காலையில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த இரவு வேறு ஊரில் ஒப்புக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு வேறு ஆள் போனார். அந்தக் கூலி அவருக்கு இல்லை.

விடிந்ததும் விழாக்குழுவினர் என்னிடம்தான் கேட்டார்கள். படித்தவன் நான். சர்க்யூட் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். "டிரை சால்டர்" என்றேன். சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பையன் பக்கத்திலேயே நின்றான். அவன் சால்டர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஏதோ பெரிதாகத் தப்பு செய்திருக்கிறேன் என்ற பயமும் அப்போதே வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் அந்த வார்த்தை வந்தது. குழு அவன் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சாரி சார்" என்றான், என்னிடம்.

பிறகு லேபில் அளந்தேன். வெளியீட்டில் சுமை இல்லாமல் அரை வோல்ட் வைத்தேன். கப்பாசிட்டர் வழியாக ஒரு பொட்டன்ஷியோமீட்டரைக் கோர்த்து, கால் வோல்ட்டுக்கு இறங்கும்வரை திருகினேன். அதைக் கழற்றி மீட்டரில் வைத்தால் வருவதுதான் வெளியீட்டு மின்னெதிர்ப்பு. முதல் வருடப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை. ஒன்பதரை கிலோ ஓம் காட்டியது. எந்த நேரியல் சுற்றையும் வெளியிலிருந்து ஒரு வோல்டேஜாகவும் ஒரே ஒரு மின்தடையாகவும் பார்க்கலாம் என்று தெவனின் 1883-இல் எழுதினார். அவர் பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர். நீளமான ஒயர்தான் அவர் பிழைப்பே. அதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய கை இது.

அடுத்து ஒரு எமிட்டர் ஃபாலோயர், அதாவது சிக்னலை எமிட்டரிலிருந்து எடுக்கும் டிரான்சிஸ்டர், வைத்திருந்தால் போதும். பத்தாயிரத்தை அதன் பீட்டா (கரன்ட் பெருக்கம்) 200-ஆல் வகுத்தால் 50. ஒரு மில்லி ஆம்பியரில் அதன் சொந்த 26. மொத்தம் 76 ஓம். மாணவர்கள் வெறும் 26 என்று எழுதி, பேஸுக்குப் பின்னால் இருப்பதை மறந்துவிடுவார்கள். அதற்கு மதிப்பெண் குறைப்பேன். அந்த 76 ஓமுக்கு நூறு மீட்டர் ஒயர் ஒரு பொருட்டே இல்லை. காதுக்கு எட்டும் எல்லா ஒலியும் போய்ச் சேர்ந்திருக்கும். செலவு, இன்னொரு பிசி 547.

அளந்த அன்றே பையனிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெளியூர் நண்பர்கள் வந்தால் உத்திரமேரூர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டுவேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவுக்காரர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று அதில் இருப்பதைக் குரல் உயர்த்திச் சொல்வேன். அளந்த பிறகும் சொன்னேன், கூச்சமில்லாமல்.

அடுத்த வருடம் பாரதத்துக்கு வெளியூர் செட் வந்தது. பையன் ஆம்ப்பையும் குழாய்களையும் விற்றுவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறான். தன் சால்டர்தான் கெடுத்தது என்று இன்றும் நம்புகிறான். ஒருமுறை அவனே சொன்னான்: "எனக்குக் கை சுத்தம் பத்தல சார்." நான் தலையாட்டினேன். டிரை சால்டர் என்று சொன்னதைவிட இது கேவலம். அன்று பதற்றம் இருந்தது, இன்று அதுவும் இல்லை.

அவனிடம் பிடித்த பாதி வாடகை நான் தர வேண்டிய பணம். கூத்து வாத்தியாரின் ஒரு நாள் கூலியும் அப்படித்தான். இரண்டும் என்னால் முடியாத தொகை இல்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். அதனால் இன்னும் கொடுக்கவில்லை.