கொடியுள்ள கப்பல், நாடில்லாத மனிதர்

றப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் கடல் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் கடற்கரையே கிடையாது. ஆனால் எங்கள் ஆட்கள் இங்கு வந்தது கடல் தாண்டித்தான். பலர் திருப்பி அனுப்பப்பட்டதும் தலைமன்னாரில் கப்பலேறித்தான்.

1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்கள் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரை 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அதே இருவரும் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு போட்டார்கள். கச்சதீவு இலங்கைக்கு வந்தது. கச்சதீவுக்காக இன்றும் மேடை போடுகிறார்கள். ஜனவரி ஒப்பந்தத்தைப் பற்றி லயத்துப் பிள்ளைகளுக்கே யாரும் சொல்வதில்லை. சிறிமாவோ பிறந்ததோ எங்கள் இரத்தினபுரியில்!

அந்நாளில் ஐ.நா. கடல் சட்ட மாநாட்டின் தலைவராக இருந்தவர் ஓர் இலங்கையர், ஷெர்லி அமரசிங்க. 1980இல் அவர் இறந்த பின் சிங்கப்பூரின் டொமி கோ அந்தப் பணியை முடித்தார். 1982இல் கையெழுத்தான கடல் சட்டச் சாசனத்தின்படி, எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட உரிமை உண்டோ அந்த நாடே கப்பலின் நாடு. கொடியற்ற கப்பலை எந்த நாட்டுப் போர்க்கப்பலும் மறித்துச் சோதிக்கலாம். பரிந்து பேச ஒருவரும் வரமாட்டார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் கதையைப் படிப்பதுபோல் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களைக் கொடியில்லாதவர்களாக்கியது. கேகாலை மாவட்டத்து றுவான்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு, இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1953இல் தோற்றது. கொழும்பு எங்களை இந்தியர் என்றது. டெல்லி இலங்கையிலேயே இருக்க வேண்டியவர்கள் என்றது. எங்களிடம் கேட்டவர் இல்லை.

பால் வெட்டியவர்களின் றப்பரை ஏற்றிப்போன ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நாடு இருந்தது. பால் வெட்டியவர்களில் மிஞ்சியவர்களுக்கு ஒரு நாடு கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இன்று பிரஜாவுரிமை உண்டு, வாக்கும் உண்டு. தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயத்துக்கோ பலரிடம் காணி உறுதி இல்லை. கடலில் கோடு போட ஒரே ஆண்டில் நேரம் கண்ட அரசுகளுக்கு, தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி அளந்து கொடுக்கவும் நேரம் இருக்க வேண்டும்.