கூடுதல் நேரம் சலுகை அல்ல



சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் மகனுக்குப் பார்வை மிகக் குறைவு. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. "டீச்சர், அவனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் அதிகம் வாங்கினா, மத்த பிள்ளைங்களைப் பெத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று தயங்கினாள். இந்தத் தயக்கம் பலருக்கும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவன் எப்படித் தேர்வு எழுதுவான்? 'சொல்வதை எழுதுபவர்' வினாவைப் படிப்பார். அவன் காதில் வாங்கி, யோசித்து, விடையைச் சொல்ல வேண்டும். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கணக்கு என்றால் ஒவ்வொரு குறியையும் அடைப்புக்குறியையும் சொல்ல வேண்டும். முந்தைய வரியைச் சரிபார்க்க, மறுபடி படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் கண்ணை ஓட்டினாலே முடிகிற வேலை அது.

இப்படிப் போகும் நேரத்தை ஈடு செய்யத்தான் கூடுதல் நேரம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 'குறையாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

"அப்படியானால் நேரக் கட்டுப்பாடே வேண்டாமே?" என்பார்கள். தட்டச்சுத் தேர்வில் வேகம்தான் பாடம். அங்கே கடிகாரம் தேவை. சமூக அறிவியலில் நாம் பார்ப்பது பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை. அங்கே எல்லை இருக்கட்டும், ஆனால் அது பிள்ளைக்குத் தக்கபடி இருக்கட்டும். நாள் முழுக்க உட்கார வைத்தாலும் பிள்ளை களைத்துப் போகும்.

2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவி ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. தேர்வறையில் போன நேரத்தைப் பிறகு மீட்பது அவ்வளவு கடினம்.

அதனால் பெற்றோரே, மருத்துவச் சான்றிதழைக் காலத்தோடு வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அனுமதி ஆணை வந்ததா என்று விடாமல் கேளுங்கள். தேர்வுக்கு முன்பே அதன் நகலைத் தேர்வு மையத்தில் காட்டிப் பேசிவிடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு வீட்டிலோ பள்ளியிலோ நாலைந்து மாதிரித் தேர்வாவது எழுதிப் பழகட்டும்.

அக்கம்பக்கத்தில் இப்படிப் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் வீட்டில் சொல்லுங்கள். கேட்டு வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்