கோலி வாசலில் ஓர் உறவுப்படம்

மானிடவியல் பட்டப்படிப்பில் சேரும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் களப்பணி, உறவுப்படம் வரைவது. பென்சில், கோடு போடாத பெரிய தாள், உட்காரப் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் கோடு, காலமானவர் மேல் ஒரு சாய்கோடு. அரை மணி நேரத்தில் குறிகளைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்கு அலுப்புத் தட்டாமல், நாலு தலைமுறையைக் கேட்டு வாங்குவதற்குப் படிப்புக் காலம் முழுவதும் பழக வேண்டும். இந்தப் பட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லித்தரலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். கோட்பாடுகளைப் பிறகும் படித்துக்கொள்ளலாம். கேட்கத் தெரியாதவருக்கு அவை எதற்கும் உதவாது.

பிள்ளைகளுக்கு மலைக்குப் போக ஆசை. மானிடவியல் என்றாலே பழங்குடி ஊர் என்று மனதில் பதிந்திருக்கிறது. நான் மும்பையின் குர்லாவுக்குள் அனுப்புகிறேன், மேற்கே எல்.பி.எஸ். சாலையிலிருந்து மித்தி ஆற்றை நோக்கி இறங்கும் சந்துகளுக்கு. நான் வளர்ந்ததும் அங்கேதான். இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவருக்கு அந்த வீட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். மற்றவருக்குத் தெரியவே கூடாது. மொழி தெரிந்தவர் பாதியிலேயே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துத் தலையாட்டிவிடுவார். தெரியாதவர்தான், "அவர் இவருக்கு எப்படிச் சொந்தம்?" என்று விடாமல் கேட்பார்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் கேம்பிரிட்ஜின் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் தொடங்கி, பிறகு நீலகிரியில் தோடர்களிடம் குடும்பம் குடும்பமாக வம்சவழி கேட்டு எழுதி, 1906-இல் நூலாக்கினார். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி ஆகிய சொற்களை மட்டும் வைத்துக் கேள் என்பது அவர் விதி. மாமா, அத்தை என்று நாமாக எடுத்துக்கொடுத்தால், எதிரில் இருப்பவர் மரியாதைக்கு அழைக்கும் அயலாரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த ரிவர்ஸிடம் படிக்கப் போனவர் ஜி. எஸ். குர்யே. 1919-இல் பாட்ரிக் கெடஸ் தொடங்கிய பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைக்கு 1924-இல் பொறுப்பேற்றவரும் அவரே. மும்பையில் மானிடவியலும் சமூகவியலும் ஒரே வகுப்பறையில் வளர்ந்ததற்கு அவர் ஒரு பெரிய காரணம். நீலகிரியில் தீட்டிய கருவி கேம்பிரிட்ஜ் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

சந்துக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஓர் ஆச்சி, வாசற்படியில் தாகா கட்டிங் வேலை செய்துகொண்டிருந்தார். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கை நிற்காது, பேச்சும் நிற்காது. தமிழ் தெரிந்த பெண் கேட்டாள். உத்தரப்பிரதேசத்து ஜௌன்பூர்க் குடும்பத்துப் பையன் படம் வரைந்தான். ஆச்சி கட்டியது தன் அம்மாவின் தம்பியை. பையன் அவரை அம்மாவின் வரிசையில் ஒரு முக்கோணமாகப் போட்டான், பிறகு ஆச்சிக்குப் பக்கத்திலும் ஒரு முக்கோணம் போட்டான். ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"அவிய ஒரே ஆளுதான தாயி. எதுக்கு ரெண்டு தடவ போடுதான்? அந்தக் கோட்ட வளைச்சு எங்கிட்ட கொண்டாரச் சொல்லு."

மேல் வரிசை முக்கோணத்திலிருந்து ஒரு கோடு வளைந்து கீழே இறங்கி ஆச்சியின் வட்டத்தைத் தொட்டது. பாடப்புத்தகமும் அப்படித்தான் வரையச் சொல்கிறது. பையன் வரைந்து முடித்தான், ஆனால் முகம் தெளியவில்லை. தாய்மாமனைக் கட்டுவது அவன் வீட்டில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம்.

குர்யேயிடம் படித்த இராவதி கார்வே, 1953-இல் வெளியிட்ட நூலில் இந்திய உறவுமுறைகளை வடக்கு, மத்தி, தெற்கு, கிழக்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்தார். கார்வே தேசம் முழுக்கப் பரப்பிக் காட்டிய வேறுபாட்டில் பெரும்பகுதி எங்கள் சந்தில் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் இருக்கிறது. உத்தரப்பிரதேச இந்துக் குடும்பத்தில் சொந்தத்துக்குள் கல்யாணமே இல்லை. அதே பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தில் சித்தப்பா மகளைக் கட்டலாம்; நம் ஆச்சிக்கு அவள் தங்கை முறை, நினைத்தாலே பாவம். எதிர்வீட்டு மராட்டியக் குடும்பத்தில் மாமா மகளை எடுக்கலாம், அத்தை மகளை எடுக்கக் கூடாது. ஆச்சி வீட்டில் இரண்டும் உரிமை. இத்தனை பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் மொய் வைத்து, பல வருடங்களாக வாழ்கிறார்கள். மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வளவு வேறுபடலாம், வேறுபட்டும் எவ்வளவு நெருங்கி வாழலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையிலும் என்னால் காட்ட முடியாது.

அடுத்த கட்டமாக, ஒவ்வொரு வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் பக்கத்தில் அவர் கோலி, அதாவது அறை வீடு, எந்தப் பக்கம், எத்தனையாவது கதவு என்று குறிக்கச் சொல்வேன். படம் அப்போதுதான் பேசத் தொடங்கும். ஆச்சியின் வரிசையில் கதவுகளை இணைத்தது பெண்கள்: ஆச்சி, அவர் தங்கை, தங்கை மகள். ஆண்கள் மாப்பிள்ளையாகவோ மச்சானாகவோ ஊரிலிருந்து வந்து, தோல் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை பிடித்து, மனைவி வழிச் சொந்தத்துக்குப் பக்கத்தில் தங்கியவர்கள். ஆனால் மின்சார பில், போட்டோ பாஸ் எல்லாம் ஆண்கள் பெயரில். 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அரசு கொடுத்த அந்தப் போட்டோ பாஸை மட்டும் வைத்து இந்தச் சந்தின் வரலாற்றை எழுதினால், அது யாரோ தொடர்பில்லாத ஆண்கள் வந்து குடியேறிய கதையாகிவிடும். அந்தக் காகிதங்களிலும் பல, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி பெருகியபோது நீரில் போயின. ஆச்சியின் நினைவில் இருக்கும் வரிசை அப்படியே இருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தோடு வருபவரைக் கண்டால் குர்லாவில் முதலில் வரும் கேள்வி, "சர்வேக்கு வந்திருக்கீங்களா?" என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. நம் துறைக்கு நல்ல பெயர் மட்டும் இல்லை. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தபடி அளவுக் கருவியோடு மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளைப் பட்டியலிட்ட வரலாறும் நம்முடையதுதான். இன்று அளவெடுப்பது வேறு விதம். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பவருக்கு ஒரு விதி, பிறகு வந்தவருக்கு வேறு விதி. தாராவியில் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு ஒன்று, மாளாவில், அதாவது மேல்தளத்தில், இருப்பவருக்கு இன்னொன்று. எங்கள் உறவுப்படத்தில் யார் எந்த வருடம் வந்தார், யார் மேலே தூங்குகிறார் என்பதெல்லாம் தானாக வந்து விழும். தவறான கையில் அகப்பட்டால் ஒரு குடும்பத்தின் வீட்டையே பறிக்கக்கூடிய தகவல் அது. ஆகவே எங்கள் படங்களில் பெயர் இருக்காது, எண்தான். வந்த வருடத்தை எழுதக் கூடாது, மாளாவைக் குறிக்கக் கூடாது. பிரதி ஒன்று அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துத் திருத்தாத படத்துக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. ஆய்வுக்கு முழுத் தகவல் வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் இளங்கலை மாணவரின் பயிற்சிக்காக ஒரு குடும்பம் ஆபத்தை ஏற்கத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, ஆங்கிலப் பாடத்திட்டத்தில் தடுமாறும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். அவர்களுக்குப் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' நூலைக் கையில் கொடுப்பேன். உறவுமுறை இயலைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டால், ஆங்கிலத்தில் வரும் லூயி துய்மோன் அவ்வளவு மிரட்டுவதில்லை. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்துவிட்டு அவர் சொன்னதன் சாரம், தென்னிந்திய உறவுமுறை ரத்தத்தைவிடச் சம்பந்தத்தை அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்பது. ஆச்சியின் வளைந்த கோட்டைப் பார்த்த மாணவிக்கு அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பருவத்தில் குர்லா கிழக்கு, நேரு நகர்ப் பக்கம். அங்குள்ள மதர் டெய்ரி நிலத்தில் சுமார் 21 ஏக்கரை 2024-இல் அரசு தாராவி மறுசீரமைப்புக்கு ஒதுக்கியது. மரங்கள் போய்விடும், திறந்தவெளி போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். எதிர்ப்பவர்களிடமும் உட்கார வேண்டும். இங்கே அனுப்பப்படுவோமோ என்று தாராவியில் காத்திருப்பவர்களிடமும் உட்கார வேண்டும். ஒருவர் மாறினால் அவரோடு எந்தெந்தக் கதவுகள் சேர்ந்து மாற வேண்டும், எந்தத் தங்கை பின்தங்கிப் போவாள் என்பதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஒப்புதல் கடிதத்தைத் தமிழிலும் மராட்டியிலும் இந்தியிலும் எழுதும் வேலையை மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும்படியாக எளிய வாக்கியங்களில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.