நான்காம் ஆண்டையும் எண்ணிச் சேருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து மாங்கனித் திருவிழா வரைக்கும் காரைக்காலில் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொன்னவன் நான். அவர்கள் சேர்ந்ததையும் தேறியதையும் பாதியில் திரும்பி வந்ததையும் கண்ட உரிமையில் சொல்கிறேன். பெற்ற தகப்பன் சொல்வதாகவே கேளுங்கள்.

கடலோரக் கிராமத்து மாணவன் ஒருவன், கணக்கில் கெட்டி. வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து வீடு தேடி வந்தார்கள். வண்ணப் புத்தகத்தை விரித்தார்கள், முதல் ஆண்டுக் கட்டணத்தில் சலுகை என்றார்கள். தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இரண்டாம் ஆண்டில் சலுகை இல்லை. விடுதி, பஸ், தேர்வு, பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது. கட்டவேண்டிய கெடு ஜூன் முதல் வாரம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும்போது அந்த வீட்டில் எதைக் கொண்டு கட்டுவார்கள்? பையன் மூன்றாம் ஆண்டைத் தொடவில்லை.

அவன் அறிவிலும் குறையில்லை, அப்பன் உழைப்பிலும் குறையில்லை. சேரும் நாளின் செலவை மட்டும் எண்ணினார்கள். கடலுக்குப் போகிறவன் திரும்பி வருவதற்கும் சேர்த்தல்லவா டீசல் நிரப்புகிறான்!

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். கல்லூரி விஷயத்திலும் அப்படித்தான் ஆகிவிட்டது. செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி 1987 முதல் இருக்கிறது. புதுச்சேரிக்கென்று 2010இல் தொடங்கிய என்.ஐ.டி. நம் திருவேட்டக்குடியில்தான் நிற்கிறது. அதன் இடங்களில் பாதி புதுச்சேரி மாநிலத்தவருக்கு. ஜே.இ.இ. எழுதினால்தான் அந்த வாசல் திறக்கும். ஜிப்மர் 2016இல் இங்கே கிளை திறந்தது, அதற்கு நீட். அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியும் அவ்வையார் மகளிர் கல்லூரியும் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கியவை. புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியே நிரப்பும் தொழிற்கல்வி இடங்களில் காரைக்காலுக்கு 18 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. வடக்கே நண்டலாற்றையும் தெற்கே வாஞ்சூரையும் தாண்டிவிட்டால் நாம் வெளிமாநிலத்தார். இந்தச் சலுகை அங்கே செல்லாது.

மருத்துவம் கிடைக்காமல் வேளாண்மையில் சேர்ந்த மாணவி ஒருத்தி முதல் பருவம் முழுக்க அழுதாள். "ஒரு வருஷம் பொறு, பாப்பா" என்றேன். அடுத்த சம்பாவில் சேற்றில் இறங்கி, நெல் தூரை இரு கையாலும் விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே அப்பியிருந்த புகையான் பூச்சிகளை எனக்குக் காட்டினாள். மேலே பயிர் பச்சையாகத்தான் இருந்தது. "இப்போ பார்க்காவிட்டால் பத்து நாளில் வயல் கருகிடும், சார்" என்று அவள் சொன்னபோது குரலில் அழுகையின் சாயல்கூட இல்லை. முதலில் விருப்பம், பிறகு படிப்பு என்று காத்திருக்க வேண்டியதில்லை. நிலைத்து நின்று படிப்பவரிடம் விருப்பம் பின்னால் வந்தும் சேரும்.

விருப்பம் பின்னால் வரும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துமா? பொருந்தாது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த கணித மேதை ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அந்தத் தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் போவதற்கு முன் அவர் பட்ட வறுமை கொஞ்சமல்ல. ஒரே துறையில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களே, ஊரார் பேச்சுக்காக வேறு படிப்பில் தள்ளாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளே, நீங்களும் மற்றப் பாடங்களில் தேறும் அளவுக்காவது படியுங்கள்.

சேரப்போகும் கல்லூரியைத் திறப்பு விழா நாளில் பார்க்காதீர்கள். வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். ஆய்வகக் கருவிகள் உறை போட்டுக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலகத்தில் விசாரிப்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவனிடம் விசாரியுங்கள்: யார் பாடம் நடத்துகிறார், ஆண்டு நடுவில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், இதுவரை மொத்தம் எவ்வளவு கட்டினாய்?

இந்த வாரமே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து நான்கு ஆண்டுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். குடியிருப்பு, சாதிச் சான்றிதழ்களைத் தாலுகா அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். சென்டாக் அறிவிப்பு வந்தபின் வரிசையில் நின்றால் நாள் போதாது.