கரண்ட் போன நாளில் கேட்டது

எங்கள் தெருவில் காலையிலேயே விசைத்தறிகள் ஓட ஆரம்பித்துவிடும். ஆர்.கே.பேட்டையில் அது புதிதல்ல. பாண்டிச்சேரியில் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மனைவியின் ஊரான இங்கே வந்து குடியேறிய புதிதில், அந்தச் சத்தத்தில் எனக்குப் பேப்பர்கூடப் படிக்க ஓடாது. எழுபது வயதில் ஒரு சாக்ஸபோன் வாங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. சுற்றிலும் தறி ஓடும்போது நான் எவ்வளவு அபஸ்வரமாக ஊதினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எனக்கே சரியாகக் கேட்காது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஏன் போயும் போயும் சாக்ஸபோன் என்று கேட்பவர்கள் உண்டு. 1994-இல் 'டூயட்' படம் வந்தபோது கத்ரி கோபால்நாத் வாசிப்பைக் கேட்டுக் கிறங்கிப்போனவர்களில் நானும் ஒருவன். அவர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பாண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு ஆசைப்பட்டு, பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டு, நம் கமகம் பேசுவதற்காக வாத்தியத்தையே கொஞ்சம் மாற்றியமைத்துக்கொண்டார். ஏறக்குறைய இருபது வருட உழைப்பு என்பார்கள். 2019 அக்டோபரில் அவர் காலமான செய்தியைப் படித்த அன்றுதான் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னிடம் இருபது வருடம் இல்லை என்பது அப்போதே தெரியும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் தோ, ரே, மி எனக்குப் பள்ளியிலேயே பழக்கம். சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஆல்ட்டோ சாக்ஸபோனில் புத்தகத்தில் 'தோ' என்று எழுதியிருப்பதை ஊதினால் காதில் விழுவது மி பெமோல்! இது ஏதோ பழுதான வாத்தியம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பேன். நல்லவேளை, சோளிங்கர் பக்கம் கல்யாண பேண்ட் செட்டில் வாசித்து ஓய்ந்த ஒருவர் எனக்கு மாஸ்டராகக் கிடைத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஐயா, எழுத்தை மறந்துடுங்க. அந்தத் தோ-வை ஸ-ன்னு வச்சுக்குங்க. சுருதிப் பெட்டியை ரெண்டரைக் கட்டையில வைங்க. முடிஞ்சுது" என்றார். மூன்று மாதக் குழப்பம் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஆரம்பித்தோம். தினமும் ஒரு மணி நேரம், முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரை நிறுத்தாமல் ஊதுவேன். இரண்டு வருடம். ஆபீசில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போல நோட்டில் தேதியும் நேரமும் குறித்து வைத்தேன். ஒரு நாள் விட்டதில்லை. மனதுக்குள் ஒரு பெருமை.

அப்புறம்தான் அந்த மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. நான் பாதி வரிசையில் இருந்தபோது தறிகள் ஒரே அடியாக நின்றன. தெருவே அமைதியாகிவிட்டது. என் வாசிப்பு மட்டும் தனியாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தது. சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "ஏங்க, நானும் ரெண்டு வருஷமா கேக்கறேன். ஒரே இடத்துலதான் இடறுறீங்க" என்றாள். சங்கீதம் படித்தவள் அல்ல.

அந்த இடம் ரி-யிலிருந்து க-வுக்குப் போவது. ஸ-வுக்கு இடது கை நடுவிரல் ஒன்றுதான். ரி-க்கு ஒரு விரலும் வேண்டாம், எல்லாம் திறந்திருக்கும். அதனால் சத்தமும் மெலிந்து வரும். அடுத்த க-வுக்கு இடது கையில் மூன்று விரல், வலது கையில் இரண்டு, போதாததற்குப் பின்னால் கட்டை விரல் சாவியையும் அழுத்த வேண்டும். எல்லாம் ஒரே கணத்தில் விழவேண்டும். என் மோதிர விரல் மட்டும் அரைக் கணம் பிந்தும். அந்த இடைவெளியில் வேறொரு சுரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். கணக்குப் போட்டால் இரண்டு வருடமாக அந்தத் தப்பைத்தான் சிரத்தையாகப் பயிற்சி செய்திருக்கிறேன்.

அதே வாரம் பல் டாக்டரிடம் போனேன். மேல் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன, எடுத்துவிட வேண்டும் என்றார். சாக்ஸபோனின் வாய்ப்பகுதி மேல் பல்லில்தான் தாங்கி நிற்கும். கீழ் உதடு மடிந்து கீழ்ப் பல்லை மூடியிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். பஸ்ஸில் வரும்போது நாக்கால் அந்தப் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது பள்ளிக்கூடத்து 'டிக்தே' ஞாபகம் வந்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவோம். தப்பு வந்தால் முழுப் பாடத்தையும் மறுபடி எழுதச் சொல்லமாட்டார். தப்பான அந்த ஒரு சொல்லை மட்டும் பத்து முறை. அவசரப்பட்டால் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார், மெதுவாக என்று. இது எனக்கு ஆறு வயதிலேயே தெரிந்த சங்கதி! எழுபது தாண்டி மறந்திருக்கிறேன்.

மறுநாள் முதல் ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாகக் குறைத்தேன். முதல் ஐந்து நிமிடம் சுருதியோடு ஸ மட்டும், மூச்சு தீரும் வரை நீட்டி. பிறகு ரி–க, ரி–க, அவ்வளவுதான். எண்ணிக்கொண்டு பத்து முறை சரியாக வரவேண்டும். ஒன்பதாவதில் தவறினால் மறுபடி ஒன்று. விரல்களைச் சாவிக்கு மேல் உயரமாகத் தூக்கக்கூடாது என்று மாஸ்டர் ஆரம்பத்திலேயே சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. மனைவி சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஊதாமல் விரல்களை மட்டும் போட்டுப் பழகினேன். இதற்கு ஒரு ஆட்சேபமும் எழவில்லை. செல்போனில் பதிவு செய்து கேட்பதும் நல்லதுதான், ஆனால் வயிற்றெரிச்சல். வாரம் ஒரு முறை போதும்.

ரீடு விஷயத்திலும் ஒன்று. நாதஸ்வரச் சீவாளிக்குத் திருவாவடுதுறைப் பக்கத்துக் கொறுக்கைத் தட்டை போல, இந்த ரீடுக்கான தட்டைக்குப் பேர்போனது தெற்கு பிரான்சின் வார் பகுதி. ஒரே ரீடை அது செத்துப்போகும் வரை ஊதிக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். பென்ஷன்காரனுக்கு அது கொஞ்சம் கையைக் கடிக்கத்தான் செய்கிறது.

ஐந்தாவது வாரத்தில் மோதிர விரல் மற்றவற்றோடு சேர்ந்து விழுந்தது. மாஸ்டர் ஒன்றும் பாராட்டவில்லை. மலஹரியில் 'ஸ்ரீ கணநாத' கீதத்தை எடுத்து வைத்தார். அதில் அதே இரண்டு சுரம் இறங்குமுகமாக வருகிறது. க–ரி. விரல்கள் எல்லாம் ஒன்றாக எழவேண்டும். பழைய வியாதி, திருப்பிப் போட்ட சட்டையில்!

பல் போன பிறகு என்ன செய்வது என்று அவரிடம் கேட்டேன். மேல் உதட்டையும் பல்லுக்கு அடியில் மடித்துக்கொண்டு ஊதும் முறை ஒன்று இருக்கிறதாம். "வலிக்கும் ஐயா, பழகிடும்" என்றார். இப்போதே பழகிப் பார்க்கிறேன். ஏழு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. சாப்பிடும்போது ரசம் எரிகிறது.

அடுத்த மின்தடை பதினெட்டாம் தேதி. பல் எடுப்பது இருபதாம் தேதி. பதினெட்டாம் தேதி காலை திண்ணையில் உட்கார்ந்து கீதத்தை வாசிப்பதாக இருக்கிறேன். எதிர்வீட்டுத் தறிக்காரர், "அன்னிக்கு எங்களுக்கும் வேலை இல்லைதானே சார், வர்றோம்" என்று சொல்லியிருக்கிறார்.