அமுங்கிய தரைக்கு நானே பொறுப்பு

வீட்டு முற்றத்துக்கும் நடைபாதைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் பேவர் பிளாக் போட்டுக் கொடுப்பது என் தொழில். கோவில்பட்டி வட்டாரத்தில் நான் போட்டுக் கொடுத்த தரைகளில் சில ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. கார் சக்கரம் ஏறும் தடம் குழிந்தது. ஓரத்துக் கற்கள் விலகின. வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது மழை கூடுதல் என்றேன், லோடு வண்டியை உள்ளே விட்டிருப்பீர்கள் என்றேன், வேலையாள் சரியில்லை என்றேன். மூன்றும் பொய். கல்லுக்கு அடியில் எதைப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போடவில்லை. கெட்ட பிறகு பழியை மற்றவர் தலையில் கட்டினேன். இந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

பேவர் வேலையில் வீட்டுக்காரர் பார்ப்பது கல்லின் நிறம், வடிவம், சதுர அடி ரேட். கல்லுக்கு ஐஎஸ் 15658 என்ற தர விதி இருக்கிறது. 60 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று கனம் சொல்லி, மாதிரிக் கல்லைக் கையில் கொடுத்து நம்பிக்கை வாங்கிவிடலாம். அடியில் போகும் அரை அடியை யாரும் கேட்பதில்லை. 200 சதுர அடிக்கு அரை அடி கனத்தில் ஜல்லிக் கலவை போட்டால், கணக்குப்படி ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. இறுக்கினால் அமுங்கும் என்பதால் ஒன்றேகால் யூனிட்டாவது இறக்க வேண்டும். அதோடு மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தும் கூலி, காம்பாக்டர் வாடகை, தண்ணீர் தெளித்து அடுக்கடுக்காக இறுக்க ஆகும் நேரம். இவ்வளவும் என் லாபத்தில் கை வைக்கும் செலவு என்றே எனக்குப் பட்டது.

அதனால் எல்லா இடத்துக்கும் ஒரே பொருளைப் போட்டேன்: கிரஷர் டஸ்ட். விலை குறைவு. டிப்பரில் வந்து இறங்கும். மட்டப்பலகையால் ஒரு இழுப்பு இழுத்தால் மேசை போலச் சமமாகும். அதன்மேல் கல்லை அடுக்கினால் அன்று மாலையே வேலை முடிந்த தோற்றம் வந்துவிடும். மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கே போகும் என்று நான் பார்க்கவில்லை. நாலைந்து அங்குலம் தோண்டு, டஸ்டைக் கொட்டு, கல்லைப் போடு. இதுதான் என் முறையாக இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு வேலையில்தான் என் தவறு முழுமையாக வெளிப்பட்டது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை கார் வரும் பாதை. சுத்தமான கரிசல். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த மண். என்னிடம் பல வருடம் வேலை பார்த்த மேஸ்திரி, என்னைவிட மூத்தவர், தோண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இது கரிசலு. இன்னும் ஒரு அடி எடுத்துட்டு கிராவல் அடிச்சு இறுக்கணும். அதுக்கு மேல ஜல்லிக் கலவை. வெறும் டஸ்ட போட்டா ஐப்பசி மழைக்கு நிக்காது.”

“கல்ல எண்பது எம்எம்மா போட்டுருவோம்ணே, தாங்கிரும்” என்றேன்.

“கல்லு தாங்கும் தம்பி. தரை தாங்கணும்லா?”

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனால் ரேட் பேசி முடித்தாகிவிட்டது. கூடுதல் செலவை ஆசிரியரிடம் போய்க் கேட்கக் கூச்சம். என் கையிலிருந்து போட மனமில்லை. டஸ்டையே போடச் சொன்னேன்.

மேஸ்திரி சொன்ன மாதிரியே ஐப்பசி மழையில் இரண்டு சக்கரத் தடமும் குழிந்தன. நடுப்பகுதி மேலெழும்பியது. கல் இடுக்குகளின் வழியாகச் சாம்பல் நிறச் சேறு பிதுங்கியது. ஆசிரியர் என்னை வரச் சொன்னார். மேஸ்திரியும் உடன் வந்திருந்தார். “என்ன தம்பி இப்படி ஆயிப்போச்சு?” என்று ஆசிரியர் கேட்டதும், மேஸ்திரியைக் காட்டி, “இவங்க சரியா இறுக்காம விட்டுட்டாங்க சார்” என்றேன். மேஸ்திரி எதுவும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் என்னிடம் வேலைக்கு வரவில்லை. நான் கல்லை எடுத்து, குழிகளில் இன்னும் கொஞ்சம் டஸ்டைப் போட்டு நிரப்பி, மறுபடி அடுக்கினேன். அந்த வேலைக்கும் ஆசிரியரிடம் கூலி வாங்கினேன். அதுவும் அமுங்கியது.

அங்கே நடந்தது இதுதான். கிரஷர் டஸ்டில் மாவு போன்ற நுண்தூள் அதிகம். காய்ந்திருக்கும்போது இறுகிக் கெட்டியாக நிற்கும். தண்ணீர் புகுந்தால் அந்தத் தூள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. ஈரத்தோடு இருக்கும்போது மேலே சக்கரம் ஏறினால் தண்ணீரும் தூளும் சேர்ந்து சேறாகி இடுக்கு வழியாக வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் கல் கீழே இறங்கும். அதற்கும் அடியில் கரிசல் இருந்தது. கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே தளர்ந்த டஸ்ட், கீழே உப்பிச் சுருங்கும் மண். நடுவில் பாரத்தைப் பரப்பிக் கொடுக்க எதுவுமில்லை. எண்பது எம்எம் கல் போட்டும் பயனில்லாமல் போனது இதனால்தான். ஒரு சக்கரத்தின் பாரத்தை அகலமாகப் பிரித்து மண்ணுக்குக் கொடுக்க இறுகிய ஜல்லித் தளம் வேண்டும். கல்லின் கனம் அதற்கு ஈடாகாது.

ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லௌடன் மெக்கடம் (1756–1836) இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். வண்டியின் பாரத்தைக் கடைசியில் தாங்குவது அந்த இடத்து மண்தான். அது ஈரமாகாமல் காத்தால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கொள்கை. உடைகல்லை இறுக்கி, தண்ணீர் வழிந்தோட வாட்டம் கொடுத்து அவர் போட்ட சாலைகள் இந்தக் கொள்கையில் எழுந்தவை. இன்று நம் ஊர்ச் சாலை வேலைகளில் ‘வெட்மிக்ஸ்’ என்று சுருக்கிச் சொல்லும் ஜல்லிக் கலவையின் முழுப்பெயர் வெட்மிக்ஸ் மெக்கடம். அவர் பெயர் தினமும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஆசிரியர் வீட்டுக்குப் பிறகு நான் திருந்தினேன் என்று சொல்ல முடியாது. பயந்து, வேறு பக்கம் சாய்ந்தேன். ஒரு வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து பேசுவதற்கான தளத்துக்கு அடியில் கான்கிரீட் போட்டு, அதன்மேல் மணல் விரித்துக் கல் பதித்தேன். கான்கிரீட்டுக்கு வாட்டமும் கொடுக்கவில்லை, தண்ணீர் இறங்கத் துளையும் விடவில்லை. மழைநீர் இடுக்கு வழியாக இறங்கி கான்கிரீட் மேல் தேங்கியது. மணல் குழைந்து ஓரமாக ஓடியது. கற்கள் காலடியில் ஆடின. அந்த வீட்டுக்காரரிடம், “தண்ணி ஊத்திக் கழுவாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொரு இடத்தில் செம்மண் தரை. தண்ணீர் நன்றாக இறங்கும் மண். அங்கே தூள் கலக்காத முக்கால் அங்குல ஜல்லி போட்டது நல்ல முடிவுதான். அப்படிப்பட்ட ஜல்லியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம் இருக்கும். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். ஆனால் அதன்மேல் நேராக எம்-சாண்டை விரித்தேன். மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லி இடுக்குகளுக்குள் இறங்கிப்போனது, நடைபாதை அலை அலையாக ஆனது. அங்கே கால் அங்குல சிப்ஸ் விரித்திருக்க வேண்டும். அது ஜல்லியின் இடுக்கில் சிக்கி நிற்கும். எனக்குக் கையில் இருந்தது எம்-சாண்ட், அதைப் போட்டேன். கேட்டபோது எலி வளை தோண்டியிருக்கும் என்றேன்.

மூன்று இடத்திலும் பொருள் மாறியது, என் குணம் மாறவில்லை. தரையைக் கேட்காமல் என் வசதியைக் கேட்டே முடிவெடுத்தேன்.

இதை எழுதுவதில் மனச்சுமை குறைவதற்கும் மேலான பயன் இருக்க வேண்டும் என்பதால், நான் மறைத்ததைத் திறந்து சொல்கிறேன். முதலில் மண்ணைப் பாருங்கள். ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். சீக்கிரம் இறங்கிவிட்டால் செம்மண், சரளை, மணல் வகை. மறுநாளும் நின்றால் களி அல்லது கரிசல். மண் நன்றாக இருந்தால், நடைபாதைக்கும் உட்காரும் முற்றத்துக்கும் நான்கு அங்குலம், கார் ஏறும் இடத்துக்கு ஆறு அங்குலம் இறுகிய தளம் போதும். கரிசல் என்றால் அதைவிடக் கூடுதலாகத் தோண்டி, உப்பாத கிராவல் மண்ணை அடித்து இறுக்கி, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதற்கு மேல் தளம் போட வேண்டும். துணி இல்லாவிட்டால் ஜல்லி மெல்ல மெல்ல அடி மண்ணுக்குள் புதையும்.

தளத்துக்கு ஏற்றது ஒன்றரை அங்குல ஜல்லியிலிருந்து தூள் வரை எல்லா அளவும் சரியான விகிதத்தில் கலந்த கலவை. பெரிய கல்லின் இடுக்கைச் சிறிய கல்லும், அதன் இடுக்கைத் தூளும் நிரப்புவதால் அது பூட்டுப் போட்டதுபோல இறுகும். டஸ்டுக்கு அங்கே ஒரு பங்கு உண்டு. தனியாக அது தளம் ஆகாது. தூளில்லாத வெற்று ஜல்லித் தளம் தண்ணீர் இறங்கும் மண்ணுக்கே பொருந்தும். கரிசலில் அதைப் போட்டால் மழைநீரை நாமே மண்ணுக்குள் அனுப்பியதாகும். எந்தக் கலவையானாலும் மூன்று நான்கு அங்குல அடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால் அடிப்பாகம் தளர்ந்தே கிடக்கும். சம்ப் கட்டிய பள்ளத்தைச் சுற்றி நிரப்பிய மண்ணில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பல வீடுகளில் தரை முதலில் இறங்குவது அங்கேதான்.

தளத்துக்கு மேல் விரிக்கும் மணல் படுக்கை மெல்லியது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 63 வழிகாட்டி அதற்கு 20 முதல் 40 மில்லிமீட்டர் கனம் சொல்கிறது. தளத்திலுள்ள மேடுபள்ளத்தைக் கூடுதல் மணலால் நிரவுவது நான் பலமுறை செய்த தவறு. மணல் கனமாக இருக்கும் இடம் பிறகு அமுங்கும். தளத்தையே சரியான மட்டத்துக்கும் வாட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குல வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. ஓரத்தில் கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். அது இல்லாத தரை ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும்.

இவ்வளவையும் என் மேஸ்திரி எந்த வழிகாட்டியும் படிக்காமல் அறிந்திருந்தார். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்கிட்ட சொன்னது சரி தம்பி. வாத்தியார்கிட்ட சொன்னீங்களா?” நான் சொல்லியிருக்கவில்லை. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்பதில் என் மானம் போகாது. வாடிக்கையாளரிடம் சொன்னால் தொழில் போகும் என்ற கணக்கு அப்போதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகே அது எனக்குத் தெரிந்தது. ஆசிரியர் வீட்டுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி முதலிலேயே எச்சரித்ததையும், நான் கேளாததையும், அவர் மேல் போட்டது பொய்ப் பழி என்பதையும் அவர் முன்னாலேயே சொன்னேன். மறுவேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பாதை முழுவதையும் பெயர்த்து, கரிசலை எடுத்து, என் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். வேலையை நடத்தியவர் மேஸ்திரி. நான் அவர் சொன்னதைச் செய்தேன்.

இப்போது என் கொட்டேஷனில் கல்லுக்கு ஒரு வரி, தோண்டும் ஆழத்துக்கு ஒரு வரி, தளத்தின் பொருளுக்கும் கனத்துக்கும் ஒரு வரி, இறுக்கும் வேலைக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதுகிறேன். ரேட் கூடுகிறது. சிலர் வேறு ஆளைப் பார்க்கிறார்கள். குறைத்துத் தரச் சொல்பவர்களிடம் விலை குறைந்த கல்லைக் காட்டுகிறேன். தளத்தில் ஒரு அங்குலத்தையும் குறைப்பதில்லை. மணல் விரிக்கும் முன் வீட்டுக்காரரை வரவழைத்து, அளவுகோலை அவர் கையில் கொடுத்து, தளத்தின் கனத்தை அளக்கச் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை செய்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் வந்து சேராத வீட்டில் தரை இறங்கியிருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கூப்பிடுங்கள். இறங்கிய இடத்தில் நான்கு கல்லைப் பெயர்த்து உங்கள் கண்முன் தோண்டிக் காட்டுகிறேன். அடியில் வெறும் டஸ்ட் இருந்தால், திரும்பப் போடும் செலவு முழுவதும் என்னுடையது.